சின்ன மீன் தொட்டிக்கு வீட்டிலேயே ஃபில்டர் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டடித் தொட்டியோ அதைவிடச் சின்னதோ வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். அடியில் போடும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக, உண்மையில் நிற்பது 45 லிட்டர் அளவுதான். இவ்வளவு குறைந்த தண்ணீரில் எந்தத் தப்பும் சீக்கிரம் மீனைத் தொட்டுவிடும். அதனால்தான் சின்னத் தொட்டிக்கு நல்ல ஃபில்டர் இன்னும் அவசியம். அதை அதிகச் செலவில்லாமல் செய்துவிடலாம்.

வாராவாரம் தண்ணீர் மாற்றுகிறேன். அப்புறம் ஃபில்டர் எதற்கு?

மீன் தன் செவுள் வழியாக எந்நேரமும் அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. தின்னாமல் அடியில் தங்கும் தீவனமும் கழிவும் அழுகி அதை இன்னும் கூட்டும். அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஒரு வகை. அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா இன்னொரு வகை. நைட்ரைட்டும் நஞ்சுதான். நைட்ரேட்டை மட்டும் மீன் ஓரளவு தாங்கும். அதை வாராந்தரத் தண்ணீர் மாற்றம் குறைத்துவிடும்.

இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. கல், ஸ்பான்ஜ், கண்ணாடி என்று ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் வாழும். அவற்றுக்கு ஆக்சிஜன் உள்ள தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறையப் பரப்பும் அதன் வழியே ஓடும் தண்ணீரும் சேர்ந்தால் அதுதான் ஃபில்டர். கடையில் நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கும் பெட்டியும் அதைத்தான் செய்கிறது.

நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும், அதில் ஒன்றுதான் கடும் நஞ்சு. தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும்போது பிஹெச் (அமில-கார அளவு) 7 என்றால், மொத்த அம்மோனியாவில் அந்த நஞ்சான வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஹெச் 8 ஆனால் அது 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். தண்ணீரின் சூடு ஏறினாலும் அது கூடும். குளிர் நாட்டில் இருப்பவர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு "கொஞ்சம் அம்மோனியா இருந்தால் பரவாயில்லை" என்று சித்திரை வெயிலில் நாம் விட்டுவிட முடியாது.

வீட்டில் செய்தது கடை ஃபில்டருக்கு ஈடாகுமா?

இந்த அளவுத் தொட்டிக்கு நிச்சயம் ஈடாகும். பாக்டீரியாவுக்கு விலை தெரியாது. உடைந்த ஓட்டுச் சில்லிலும் அது வளரும், வெளிநாட்டு செராமிக் வளையத்திலும் வளரும். வளையத்தில் பரப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் பத்துப் பதினைந்து கப்பி மீன்கள் விடும் அம்மோனியாவுக்கு அவ்வளவு பரப்பு தேவையே இல்லை.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்கள் மூன்று: கரண்ட் சம்பந்தப்பட்டவை, தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்க ஏர் ட்யூபில் மாட்டும் செக் வால்வு, ஒட்டும் பசை. மிச்சம் எல்லாவற்றிலும் தாராளமாகச் சேமிக்கலாம்.

முதன்முதலில் செய்வதென்றால் எதைச் செய்யலாம்?

ஸ்பான்ஜ் ஃபில்டர். வேறு எதையும் யோசிக்காமல் இதில் தொடங்குங்கள். தண்ணீருக்குள் மின்சாரம் போகாது, குட்டி மீன் சிக்காது, பழுதாக உள்ளே எதுவும் இல்லை. மீன் வளர்த்து விற்பவர்களின் கூடங்களில் வரிசையாக நிற்கும் தொட்டிகளிலும் பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பீர்கள்.

தேவையானவை: சுமார் 10 செ.மீ. உயரமும் 8 செ.மீ. அகலமும் உள்ள ஸ்பான்ஜ் துண்டு, அரை அங்குல பிவிசி குழாய், அதற்கு ஒரு எல்போ, ஏர் பம்ப், ட்யூப், செக் வால்வு, அடியில் கட்ட ஒரு டைல்ஸ் துண்டு. குழாயும் எல்போவும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பிளம்பர் வேலை நடந்த வீட்டில் கேட்டால் வெட்டிப்போட்ட துண்டே போதும்.

குழாயை, அது ஸ்பான்ஜுக்குள் போகும் ஆழத்தையும் சேர்த்து, எல்போ தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி அளந்து வெட்டுங்கள். ஸ்பான்ஜுக்குள் போகும் பகுதியில் சுற்றிலும் 5 மி.மீ. ஓட்டைகள் போட வேண்டும். கை டிரில் இருந்தால் நல்லது. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி பிவிசியில் குத்தாதீர்கள். அதிலிருந்து வரும் புகை மூச்சுக்குக் கெடுதல். ஸ்பான்ஜின் நடுவில் முக்கால் ஆழத்துக்கு மட்டும் ஒரு துளை வெட்டி அதில் குழாயைச் செருகுங்கள். அடிவரை துளைத்துவிட்டால் தண்ணீர் ஸ்பான்ஜைச் சுற்றிக்கொண்டு நேரே குழாய்க்குள் போய்விடும், செய்த வேலை வீண்.

காற்று எங்கே நுழைகிறது என்பதில்தான் சூட்சுமம். ஸ்பான்ஜுக்குச் சற்று மேலே, குழாயின் பக்கவாட்டில், ஏர் ட்யூப் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டுச் செருகுங்கள். குமிழிகள் குழாய்க்குள் ஏறும்போது அங்குள்ள தண்ணீர் எடை குறைந்து மேலெழும். அந்த இடத்தை நிரப்ப ஸ்பான்ஜ் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். காற்று எவ்வளவு ஆழத்தில் நுழைகிறதோ அவ்வளவு தண்ணீர் ஏறும். குழாயின் மேல்நுனி தண்ணீருக்கு வெளியே அதிகம் நீண்டுகொண்டிருந்தால் அவ்வளவு உயரத்துக்கும் தண்ணீரைத் தூக்க வேண்டியிருக்கும், ஓட்டம் குறையும்.

புது ஸ்பான்ஜ் மிதக்கும். தண்ணீருக்குள் வைத்துப் பலமுறை பிழிந்து காற்றை வெளியேற்றுங்கள். அடியில் டைல்ஸ் துண்டை நைலான் நூலால் கட்டிவிட்டால் நிற்கும்.

எந்த ஸ்பான்ஜ்? மெத்தைக் கடையில் கிடைக்கும் ஃபோம் ஆகுமா?

மெத்தை ஃபோமின் துளைகள் மிக நுண்ணியவை, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தீப்பிடிக்காமல் இருக்க ரசாயனம் சேர்த்த ஃபோமும் உண்டு, பார்த்து அடையாளம் காண முடியாது. வண்ண மீன் கடையில் தாளாக விற்கும் கருப்பு அல்லது நீல ஃபில்டர் ஸ்பான்ஜ் விலை அதிகமில்லை. ஒரு தாளில் பல ஃபில்டர் செய்யலாம். சென்னைக்காரர்களுக்கு, வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனால் ஒரே தெருவில் நாலைந்து வகையைத் தொட்டுப் பார்த்து வாங்க முடியும். துளை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், வாயில் வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும். அதுவே சரியான ஸ்பான்ஜ்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜ் வேண்டாம். கிருமிநாசினி சேர்த்தவை அதில் நிறைய. நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவையே அது கொல்லும்.

தண்ணீர் பாட்டிலில் ஃபில்டர் செய்வார்களே, அது எப்படி?

பத்து இருபது லிட்டர் தொட்டிக்கும், குட்டிகளைத் தனியே வைக்கும் டப்பாவுக்கும் மிக நல்லது. அரை லிட்டர் பாட்டிலை அதன் பாதி உயரத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் நிற்க அரை அங்குலக் குழாய். அதன் கீழ்நுனியில் நாலைந்து இடத்தில் பல் பல்லாக வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் நுழையாது. குழாயைச் சுற்றி முதலில் கூழாங்கல், அதுதான் எடை. அதன்மேல் ஓட்டுச் சில்லு. எல்லாவற்றுக்கும் மேலே ஃபில்டர் பஞ்சு.

பாட்டிலின் மேல்பாதியில், தோள் பகுதி முழுக்கச் சிறு ஓட்டைகள் போட்டு, குழாய் பாட்டில் வாய் வழியாக வெளியே வரும்படி மூடிவிடுங்கள். குழாய் வாங்கும்போது பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் வாயில் நுழைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏர் ட்யூபைக் குழாயின் மேல்நுனி வழியாக அடிவரை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. தண்ணீர் ஓட்டைகள் வழியே நுழைந்து, பஞ்சைத் தாண்டி, கல்லைத் தாண்டி, அடியில் குழாய்க்குள் புகுந்து மேலே வரும்.

பஞ்சு என்றால் பாலியஸ்டர் பஞ்சு, தலையணைக்கு ரெக்ரான் என்று விற்கிறார்களே, அது. பருத்திப் பஞ்சும் இலவம் பஞ்சும் தண்ணீரில் அழுகிவிடும். இன்னொன்று: பாட்டிலின் வெட்டிய விளிம்பு கத்திபோல இருக்கும். மணல்தாளால் தேய்த்து மழுக்குங்கள். கோல்டு பிஷ்ஷும் ஃபைட்டரும் நீளத் துடுப்புள்ளவை, அந்த விளிம்பில் உரசினால் கிழிந்துபோகும்.

ஃபில்டருக்குள் போட விலை குறைந்த பொருட்கள் எவை?

இந்த ஒரு விஷயத்தில் நம் ஊரில் இருப்பது பெரிய வசதி. சுட்ட மண் எங்கும் கிடைக்கிறது. உடைந்த நாட்டு ஓடு, பெயின்ட் அடிக்காத பூந்தொட்டி, நன்றாக வெந்த செங்கல் எல்லாவற்றையும் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து, கழுவும் தண்ணீர் தெளியும்வரை கழுவினால் போதும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் பாக்டீரியாவுக்கு நல்ல இருப்பிடம். சரியாக வேகாத செங்கல் தண்ணீரில் கரைந்து சேறாகும். அதனால் ஒரு துண்டை இரண்டு நாள் ஊறவைத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நர்சரியில் விற்கும் எரிமலைக் கல்லும் களிமண் உருண்டையும்கூட ஆகும். உருண்டைகள் முதலில் சில நாட்கள் மிதக்கும், பிறகு தண்ணீர் குடித்துப் பல அடங்கிவிடும்.

பிளாஸ்டிக்கிலும் நல்லவை உண்டு. ஒயரிங்குக்குப் பயன்படும் வரிவரியான வளையும் பைப்பை ஒரு செ.மீ. துண்டுகளாக வெட்டினால், பரப்பும் கிடைக்கும், அடைப்பும் வராது. பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் உருண்டையும் அப்படியே. சோப்பு ஊறியது கூடாது, கம்பி நார் வேண்டவே வேண்டாம்.

பளிங்குச் சில்லு, கிளிஞ்சல், பவளக் கல், சுண்ணாம்புக் கல் ஆகியவை மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். சந்தேகமான கல்லின்மேல் வினிகர் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு வகை. மோலிக்கும் கப்பிக்கும் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு போதுமான அளவு இருக்கிறது, கூடுதலாக நாம் சேர்க்க வேண்டியதில்லை. தேங்காய் நாரையும் தவிருங்கள்: நிறம் விடும், கொஞ்சநாளில் மக்கும்.

கரி போட வேண்டுமா? அடுப்புக்கரி ஆகுமா?

அடுப்புக்கரி வேறு, ஆக்டிவேட்டட் கார்பன் வேறு. கரியை மிக உயர்ந்த வெப்பத்தில் நீராவியால் பதப்படுத்தி உள்ளே எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கினால்தான் அது ஆக்டிவேட்டட் கார்பன். கொட்டாங்குச்சிக் கரி அதற்கு மிக நல்ல மூலப்பொருள். சும்மா அடுப்புக்கரியைப் போட்டால் தண்ணீர் கருக்கும், வேறு பெரிய பயன் இல்லை.

என் கருத்தில் அன்றாடத்துக்குக் கார்பனே தேவையில்லை. அது அம்மோனியாவை எடுப்பதில்லை. மரக்கட்டை விட்ட மஞ்சள் நிறத்தையும் வாடையையும், நோய்க்குப் போட்ட மருந்தின் மிச்சத்தையும் எடுக்கும். சில வாரங்களில் நிரம்பிப்போகும், திரும்ப வாங்க வேண்டும். மருந்து போடும் நாட்களில் உள்ளே கார்பன் இருந்தால் மருந்தையே உறிஞ்சிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தொட்டியின் மேலே வைக்கும் ட்ரே ஃபில்டரை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களின் அடியில் ஓட்டைகள் போட்டு அடுக்க வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன சப்மெர்சிபிள் பம்ப் தண்ணீரை மேல் டப்பாவுக்கு ஏற்றும். அங்கே பஞ்சு, நடுவில் ஓட்டுச் சில்லு, கீழே வெறும் ஓட்டைகள், மழைபோலத் தொட்டிக்குள் விழும். தண்ணீர் காற்றோடு கலந்து இறங்குவதால் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஏராளம். வேலை செய்யும் திறனில் ஸ்பான்ஜ் ஃபில்டரை இது விஞ்சிவிடும். கோல்டு பிஷ் வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பஞ்சு அடைத்துக்கொண்டால் டப்பா நிரம்பி வழியும், அது ஒன்றே இதிலுள்ள ஆபத்து. எனவே டப்பா முழுவதும் தொட்டியின் விளிம்புக்கு உள்ளேயே அமர வேண்டும். வழிந்தாலும் தொட்டிக்குள்ளேயே விழட்டும். மேல் டப்பாவின் பக்கச் சுவரில் ஒரு பெரிய வழிவு ஓட்டையும் போட்டுவிடுங்கள். பம்பு அட்டையில் ஒரு மணிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பது உயரம் ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. ஓரடி ஏற்றினாலே குறையும், அதை நினைவில் வைத்து வாங்குங்கள். ஆவியாகும் தண்ணீரும் கூடும், கோடையில் மட்டத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும்.

கடையில் வாங்கிய பவர் ஃபில்டர் கப்பிக் குட்டிகளை இழுத்துவிடுகிறது. என்ன செய்வது?

உறிஞ்சும் வாயின்மேல் ஒரு ஸ்பான்ஜ் உறை மாட்டுங்கள். சின்ன ஸ்பான்ஜ் துண்டில் கத்தரிக்கோலால் துளையிட்டு இறுக்கமாகச் செருகுவதுதான் முழு வேலையும். பத்து ரூபாய்ச் செலவுகூட ஆகாது, ஆனால் இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் அதிகமாக உயிர் காப்பது இதுதான். அந்த ஸ்பான்ஜிலும் பாக்டீரியா வளரும். குட்டிகளும் இறாலும் அதன்மேல் ஒட்டியதை மேய்ந்துகொண்டிருக்கும். வாரம் ஒருமுறை பிழிந்துவிடுங்கள், அடைத்துப்போனால் பம்பு திணறும்.

ஃபைட்டர் மீன் நீரோட்டத்தில் தள்ளாடுகிறது.

ஃபைட்டர் மெல்ல நகரும் தண்ணீரில் வாழும் மீன். மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் உறுப்பும் அதற்கு உண்டு. வேகமான ஓட்டத்தில் அந்த நீளத் துடுப்போடு நாள் முழுதும் எதிர்நீச்சல் போட்டால் சோர்ந்துபோகும்.

பவர் ஃபில்டரின் வெளியேறும் வாயில் ஒரு ஸ்ப்ரே பார் மாட்டலாம். மெல்லிய பிவிசி குழாயின் ஒரு முனையை அடைத்து, நீளவாட்டில் வரிசையாக ஓட்டைகள் போட்டு, அவை கண்ணாடிச் சுவரைப் பார்க்கும்படி திருப்பிவையுங்கள். ஒரே இடத்தில் பாய்ந்த தண்ணீர் பல இடத்தில் பிரிந்து சுவரில் மோதித் தணிந்துவிடும். எல்லா ஓட்டைகளின் பரப்பும் சேர்த்துக் குழாய் வாயின் பரப்புக்குக் குறையாமல் இருக்கட்டும். ஸ்பான்ஜ் ஃபில்டர் என்றால் இன்னும் எளிது: ஏர் ட்யூபில் ஒரு சின்ன வால்வு போட்டுக் காற்றைக் குறைத்துவிடலாம்.

ஏர் பம்ப் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை.

பம்பை மரப்பலகைமேல் வைத்தால் பலகையும் சேர்ந்து அதிரும். பழைய ஸ்பான்ஜ் துண்டின்மேல் வையுங்கள், அல்லது கயிற்றில் தொங்கவிடுங்கள். குமிழிச் சத்தம்தான் தொல்லை என்றால், குழாய்க்குள் காற்று நுழையும் இடத்தில் காற்றைச் சிறு குமிழிகளாகப் பிரிக்கும் ஒரு சின்ன ஏர் ஸ்டோன் வைத்தால் "குபுக் குபுக்" குறைந்து மெல்லிய சலசலப்பாகும். இரவில் அணைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். அதிகாலைதான் தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறையும் நேரம்.

24 மணி நேரமும் ஓடினால் கரண்ட் பில் ஏறாதா?

5 வாட் ஏர் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான். இரு மாதக் கணக்கில் 7 யூனிட் சொச்சம்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். பம்பு நின்றவுடன் தொட்டித் தண்ணீர் ட்யூப் வழியே பின்னோக்கி வந்து பம்புக்குள் இறங்கலாம், அங்கிருந்து தரைக்கும் வழியலாம். அதைத் தடுக்கத்தான் செக் வால்வு. எந்தப் பக்கம் காற்று போகிறது என்று வாயால் ஊதிப் பார்த்து மாட்டுங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைப்பது அதைவிட நிச்சயமான காப்பு. இரண்டையும் செய்யுங்கள்.

அடுத்தது மீனின் மூச்சு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனோ சூட்டில் அதிகமாக மூச்சு விடும். கூட்டமான தொட்டியில், மே மாத மதியத்தில், ஒன்றிரண்டு மணி நேர மின்வெட்டே சிக்கலாகலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை அந்த லைனில் கொடுத்துவிடுங்கள். இவ்வளவு சின்னச் சுமையை அது உணரவே உணராது. இல்லையென்றால் யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்று வாங்கி பவர் பேங்க்கில் ஓட்டலாம். அதுவும் இல்லாத அவசரத்தில் ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு அரையடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். அந்நேரத்தில் தீவனம் போடாதீர்கள்.

திறந்த ஸ்பான்ஜில் உள்ள பாக்டீரியா சில மணி நேரம் தாங்கும். மூடிய பெட்டிக்குள் தண்ணீர் தேங்கும் வகை ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோனால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிட வேண்டாம். உள்ளே கெட்டுப்போன தண்ணீரைக் கொட்டி, உள்ளே போட்ட கல், ஸ்பான்ஜ் போன்றவற்றைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

எந்தப் பசை, எந்தப் பிளாஸ்டிக் பாதுகாப்பானது?

ஒட்டாமல் இறுக்கிச் செருகியே முடிக்க முடிந்தால் அதுவே உத்தமம். கழற்றிக் கழுவவும் வசதி. ஒட்டியே ஆக வேண்டுமென்றால் மீன் தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கான். பாத்ரூம் சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி சேர்த்திருப்பார்கள், அது மீனுக்கு ஆகாது. ஒட்டிய பிறகு வினிகர் போல ஒரு வாடை வரும். அந்த வாடை முற்றிலும் போகும்வரை, குறைந்தது இரண்டு நாள், காயவிடுங்கள். பிவிசி சால்வென்ட் போட்ட குழாயையும் ஒரு நாள் காயவைத்து, ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

டப்பா எடுக்கும்போது சாப்பாட்டுப் பொருள் இருந்த டப்பாவாக எடுங்கள். பினாயில், பூச்சி மருந்து, டிடர்ஜென்ட் இருந்ததை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது. செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகியவற்றை உள்ளே வைக்கக் கூடாது. செம்பு இறாலையும் நத்தையையும் மிகக் குறைந்த அளவிலேயே கொல்லும். கட்டுவதற்கு நைலான் நூல் இருக்கிறது, கேபிள் டை இருக்கிறது. கம்பி எதற்கு?

மின்சார விஷயத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வீட்டு மெயினில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். இல்லையென்றால் தொட்டி வைக்கும் முன் அதைப் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு இறங்கி ஏற வேண்டும். ஒயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கையைத் தண்ணீரில் விடும் முன் தொட்டியின் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சப்மெர்சிபிள் பம்பின் ஒயரில் தோல் உரிந்திருந்தால் டேப் சுற்றித் திரும்ப உள்ளே போடாதீர்கள். அந்தப் பம்பு அன்றோடு முடிந்தது. ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டரையே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில்.

ஃபில்டர் போட்ட அன்றே மீன் விடலாமா?

வேண்டாம். புது ஃபில்டர் வெறும் ஸ்பான்ஜ்தான். பாக்டீரியா போதுமான அளவு வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் மாதத்தில் மீன் செத்துப்போய் "எனக்கு மீன் ராசி இல்லை" என்று தொட்டியைப் பரண்மேல் ஏற்றியவர்கள் எத்தனையோ பேர். ராசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அம்மோனியாதான் காரணம்.

இதைக் குறைக்க நல்ல வழி, ஆரோக்கியமான மீன் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் பழைய ஸ்பான்ஜ் ஒன்றை வாங்கி வருவது. அவருடைய தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துப் பையில் போட்டு, அன்றைக்கே உங்கள் தொட்டியில் வைத்துவிடுங்கள். காய்ந்தால் பயனில்லை. அவர் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும், அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தாலும் முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும் விடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் சோதனைக் கிட் ஒன்று வாங்குங்கள். இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை கூட்டாதீர்கள். ஏதாவது ஒன்று தெரிந்தால் கால்வாசி முதல் பாதிவரை தண்ணீர் மாற்றித் தீவனத்தைக் குறையுங்கள்.

எப்படி, எத்தனை நாளுக்கொருமுறை கழுவுவது?

தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, அதில் ஸ்பான்ஜை நாலைந்து முறை பிழியுங்கள். அவ்வளவுதான். பழுப்பு நிறம் இருக்கட்டும். வெள்ளையாகத் தேய்க்க வேண்டியதில்லை. கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். நாள் கணக்கைவிட ஓட்டத்தைப் பாருங்கள்: குழாயில் வரும் தண்ணீர் மெலிந்துவிட்டால் கழுவும் நேரம். தொட்டியில் இரண்டு ஸ்பான்ஜ் ஃபில்டர் வைத்து ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கழுவுவது மிகவும் நல்லது.

புதுத் தண்ணீர் ஊற்றும்போதும் குளோரின் நீக்க வேண்டும். கடையில் ஆன்டி குளோரின் என்று விற்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட் கரைசல்தான்.

மணி பிளான்ட் வைத்தால் ஃபில்டரே தேவையில்லை என்கிறார்களே?

வேர் மட்டும் தண்ணீரில் நனையும்படி தொட்டி விளிம்பில் வைத்தால், மணி பிளான்ட் நைட்ரேட்டை நன்றாக எடுக்கும். அம்மோனியாவையும் கொஞ்சம் எடுக்கும். ட்ரே ஃபில்டரின் கீழ் டப்பாவில் நட்டால் இன்னும் செழிக்கும். ஃபில்டருக்குத் துணையாக வையுங்கள், பதிலாக வேண்டாம். இலையைத் தண்ணீரில் முங்கவிடாதீர்கள், அழுகும்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. பெரிய ஃபில்டர் போட்டால் தெளியுமா?

தெளியாது. பச்சை என்பது மிதக்கும் நுண்பாசி, எந்தச் சாதாரண ஸ்பான்ஜிலும் சிக்காத அளவு சின்னது. ஜன்னல் வெயில் விழாத இடத்துக்குத் தொட்டியை மாற்றி, விளக்கு நேரத்தைக் குறைத்து, தீவனத்தைக் குறையுங்கள். புதுத் தொட்டி பால்போல் வெளுத்தால் அது பாக்டீரியாப் பெருக்கம், சில நாளில் தானே அடங்கும்.

கோல்டு பிஷ்ஷை உருண்டைக் கண்ணாடி பவுலில் வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு சின்ன ஃபில்டர் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். கோல்டு பிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும், ஒரு சாணுக்கு மேல் வளரும். பவுலில் எந்த ஃபில்டரும் அதைக் காப்பாற்றாது. ஒரு மீனுக்கே இரண்டடித் தொட்டி குறைந்தபட்சம்; வளர்ந்த பிறகு அதுவும் போதாது. ஃபில்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் பழைய தொட்டி ஒன்றை வாங்கி, ஒழுகுகிறதா என்று நிரப்பிப் பார்த்துவிட்டு, மீனை அதற்கு மாற்றுங்கள். ஃபில்டரை அப்புறம் பேசலாம்.

வீட்டில் செய்த புது ஃபில்டரைப் போட்டாயிற்று. பழையதை எப்போது எடுப்பது?

குறைந்தது ஒரு மாதம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். பிறகு பழையதை எடுக்கும்போது அதன் ஸ்பான்ஜை, முடிந்தால், புது ஃபில்டரின் பக்கத்திலேயே இன்னும் ஒரு வாரம் போட்டுவையுங்கள். எடுத்த மறுநாளும் மூன்றாம் நாளும் அம்மோனியா சோதித்துப் பாருங்கள். ஏதும் தெரிந்தால் பழையதைத் திரும்ப மாட்டுங்கள். அதற்காக அதுவரை அதைக் காயவிடாமல் தொட்டியிலேயே வைத்திருங்கள்.